மறுவீட்டில் கழன்ற மரை

சோலையம்மாள் கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான், அவள் அய்யாவின் எஞ்சின் அவள் புருசன் முகத்தில் செந்தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது.

அது சீமையில் சண்டை மூளுவதற்கு முந்தின வருசத்து வைகாசி. சமயநல்லூருக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த பேயாண்டி, அந்தப் பக்கத்தில் கமலை மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்த முதல் ஆள். எஞ்சின் வந்ததிலிருந்து அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஊரில் சொல்வார்கள். மூத்தது சோலையம்மாள், இளையது எஞ்சின். வீட்டுக்கு ஓலைக் கூரை, எஞ்சினுக்கு ஓட்டுக் கூரை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனம், குங்குமம். கப்பலில் வந்தது என்பதால் ஊர்ப் பிள்ளைகள் அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். துரையைத் துடைப்பது, துரைக்கு எண்ணெய் விடுவது, துரையை எழுப்புவது, படுக்க வைப்பது எல்லாம் பேயாண்டி ஒருத்தர்தான். ஒரு தடவை அதன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கோழி ஒன்று முட்டையிட்டுவிட்டது. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் பரவை வரைக்கும் கேட்டது.

மாப்பிள்ளை விருமாண்டி செக்கானூரணிப் பக்கம். நல்ல உயரம், பரந்த தோள், உலக்கை மாதிரி கை. ஆனால் வாய் மட்டும் இரவல் கேட்டு வாங்கியது போல அளவாகத்தான் திறக்கும். தாலி கட்டியதிலிருந்து அவனும் சோலையம்மாளும் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்பிட்டீகளா?", "ம்" என்பதோடு சரி. ஆள் எப்படி என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கோபக்காரனா, சாதுவா, சிரிப்பானா என்று கூடத் தெரியாது.

விருந்து முடிந்து வெற்றிலை போட்டதும் ஆம்பளைகள் எல்லாரும் எஞ்சினைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார்கள். பொம்பளைகளும் பின்னாலேயே போய் வேலியோரம் நின்றார்கள். துரை டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தார். எஞ்சினைக் குளிர்த்துவிட்டு வெளியே வரும் தண்ணீருக்கு, அதன் தலையில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு குழாய் உண்டு. இரண்டு போல்ட்டு அதைத் தலையோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், துரைக்கு மூக்கு ஒழுகுது?" என்றார் சின்னச்சாமி. சோலையம்மாளின் தாய்மாமன். எந்த வீட்டு விசேசத்திலும் யாரையாவது கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"ஒழுகல. வேர்க்குது" என்றார் பேயாண்டி.

"இரும்புக்கு வேர்க்குமா? புது மாப்ள கையப் பாருங்க, ஆளு எம்புட்டு திடமா இருக்காரு. ஒரு முறுக்கு முறுக்கிவிட்டா நின்னுட்டுப் போகுது." சொல்லும்போதே சுவரில் மாட்டியிருந்த ஸ்பானரை எடுத்து விருமாண்டி கையில் திணித்துவிட்டார்.

"வேணாம், வேணாம் மாப்ள" என்று பேயாண்டி குறுக்கே வந்தார். "அதத் தொட வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

அவர் எப்போதும் சொல்வதுதான் அது. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலியோரம் ஒரு கும்பல் பொம்பளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கையில் வந்த ஸ்பானரைத் திரும்பக் கொடுக்க எந்தப் புது மாப்பிள்ளைக்குத்தான் மனசு வரும்? விருமாண்டி குனிந்தான். போல்ட்டின் தலையில் ஸ்பானரை மாட்டினான். ஒரு திருப்புத் திருப்பினான்.

போல்ட்டு ஸ்பானரோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது. குழாய் ஒரு பக்கமாக எம்பியது. உள்ளே இருந்த இளஞ்சூட்டுத் தண்ணீர், துரு கலந்து செக்கச்செவேலென்று, முதலில் மாப்பிள்ளை முகத்தில், பிறகு சின்னச்சாமியின் பட்டுக்கரை வேட்டியில், பிறகு சுற்றி நின்ற எல்லார் மேலும் அடித்தது. பொம்பளைகள் கூச்சல் போட்டுச் சிதறினார்கள். பேயாண்டி ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார்.

எல்லாரும் பேயாண்டியின் வாயைப் பார்த்தார்கள். முட்டை போட்ட கோழிக்கே அந்தப் பாடு. இப்போது என்ன நடக்குமோ என்று சோலையம்மாள் பயந்தாள்.

பேயாண்டி தொண்டையைச் செருமினார். "பரவால்ல மாப்ள" என்றார். "இரும்புதானே. போகட்டும், விடுங்க." பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, "ஏ ரெங்கம்மா, ராத்திரிக்கு இன்னொரு சேவல அடி."

சின்னச்சாமி வேட்டியைப் பிழிந்துகொண்டே போல்ட்டு இருந்த துளையை எட்டிப் பார்த்தார். "மரை பூராம் போயிருச்சு மச்சான். வழுவழுன்னு இருக்கு." அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எஞ்சினுக்கே மரை கழட்டுன மாப்ள நம்ம மாப்ளதான்!" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேர் தெருவெல்லாம் சுற்றிவிட்டது. மரை கழட்டுன மாப்ள.

விருமாண்டிக்குச் சேவல் கறி இறங்கவில்லை. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு துண்டு, மாப்ள", "ஈரலு வச்சுக்கங்க, மாப்ள" என்று எடுத்து எடுத்து வைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த சோலையம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். அவளுக்குத் தெரிந்து அய்யா யாருக்கும் ஈரலை விட்டுக்கொடுத்ததில்லை.

வெயிலோ சுட்டெரித்தது. கத்தரியும் மிளகாயும் பிஞ்சு விட்டிருந்தன. வாழைக்கன்று அப்போதுதான் குருத்து விட்டிருந்தது. இரண்டு நாள் தண்ணீர் தவறினால் எல்லாம் தலை சாய்ந்துவிடும். அடுத்த தோட்டக்காரர்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தார்கள். "தலையக் கழட்டி மதுரைக்குக் கொண்டு போனாத்தான் ஆகும். நானே போயிட்டு வாரேன்" என்றார் பேயாண்டி.

அதுவரை வாய் திறக்காத விருமாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இல்ல மாமா. கழட்டுனவன் நான். நான்தான் சரி பண்ணிக்கிட்டு வரணும்."

"அட, உங்களுக்கு எதுக்கு மாப்ள செரமம்..."

"நான்தான் போவேன்."

பேயாண்டி மேலும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை அசையவில்லை. ரெங்கம்மாள்தான் முடித்து வைத்தாள். "அவுக போகட்டும். கூடச் சோலையும் போகட்டும். சிம்மக்கல்லுல எந் தங்கச்சி வீடு இருக்கு. சோடியா ஆத்தா மீனாச்சியக் கும்பிட்டு, அங்கன தங்கிட்டு, காலையில வரட்டும்."

விடியக் கருக்கலில் சோலையம்மாள் வாசல் தெளிக்க எழுந்து வந்தபோது, கழற்றி வைத்திருந்த எஞ்சின் தலைக்கு முன்னால் அய்யா குத்தவைத்து உட்கார்ந்து, அந்தத் துளைக்குள் ஒரு ஆணியை விட்டு நோண்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீக?"

பேயாண்டி துள்ளி விழுந்தார். "ஒண்ணுமில்ல ஆத்தா. தூசி. பட்டறைக்காரன் நம்மள என்ன நினைப்பான்? சுத்தபத்தமாக் கொண்டு போக வேணாமா?"

அதற்குள் விருமாண்டி வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எஞ்சின் தலையைச் சாக்கில் சுற்றி, வைக்கோல் மேல் வைத்தார்கள். பேயாண்டி வண்டிக்குப் பின்னாலேயே ஊர் எல்லை வரைக்கும் நடந்து வந்தார். ஏதோ சொல்ல வருவதும் முழுங்குவதுமாக இருந்தார். கடைசியில், "பட்டறையில ரொம்ப நேரம் நிக்காதீக, மாப்ள. குடுத்துட்டுக் கோயிலுக்குப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார்.

வண்டி பரவையைத் தொட்டபோது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிப் போகிற வண்டிகள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வண்டியில் இருந்த கிழவர் ஒருவர், புதுமணச் சோடியையும் நடுவில் இருந்த மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பு, காலங்காத்தால புதுப்பொண்ணக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் பயணம்?"

"மதுரைக்கு" என்றான் விருமாண்டி. மறைக்கத் தெரியாதவன். "மரை கழண்டுபோச்சு. அதான் பாக்கப் போறோம்."

கிழவர் முகம் இரக்கத்தில் சுருங்கிவிட்டது. "அடப் பாவமே! யாருக்கு? உனக்கா, பொண்ணுக்கா?"

சோலையம்மாளால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள். சிரிப்பு பீறிக்கொண்டு வந்துவிட்டது. விருமாண்டி திரும்பி அவளைப் பார்த்தான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவனும் சிரித்தான். வாய் பெரிதாகத் திறந்து, கண் மூடி, மாடுகளே மிரண்டு திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. இந்தச் சிரிப்பையா இத்தனை நாள் மடித்து வைத்திருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

சிரித்து ஓய்ந்தபிறகு அவன் தானாகப் பேசினான். "ஒண்ணு சொல்லவா புள்ள? நான் பலமா முறுக்கவே இல்ல. ஸ்பானர வச்சதுதான். வெண்ணெய்க்குள்ள வெரல விட்டாப்புல சுத்திக்கிட்டு வந்துருச்சு."

"அத அங்கனயே சொல்லியிருக்கலாம்ல?"

"பொண்ணு எடுத்த வீட்டுல, வந்த அன்னிக்கே, உங்க எஞ்சின் சொத்தைன்னா சொல்றது?"

"அது சரிதான்" என்றாள் அவள். ஆனாலும் அரை நம்பிக்கைதான். அந்தக் கையைப் பார்த்தால் வேறு எப்படி நம்புவது?

வைகைப் பாலத்தைத் தாண்டி யானைக்கல்லுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது கருத்தக்கண்ணனின் கடைசல் பட்டறை. பஸ்ஸுக்காரர்களும் மில்லுக்காரர்களும் வந்து போகிற இடம். வாசலில் பழைய டயர்களும், பல் உடைந்த சக்கரங்களும் கிடந்தன. உள்ளே ஒரு லேத்து. அதை ஓட்ட ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய சக்கரம், அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. கருத்தக்கண்ணன் ஒல்லியான ஆள். முழங்கை வரைக்கும் எண்ணெய்க் கறுப்பு. வாய் ஓயாது.

"வாங்க, வாங்க. எஞ்சின் தலையா? வைங்க இப்படி. வேலையெல்லாம் பாக்கலாம், ஆனா சக்கரம் சுத்துற ஆளு தங்கச்சி கல்யாணம்னு திருமங்கலம் போயிட்டான். வைகாசி மாசம் பொறந்தாலே இந்தத் தொல்லைதான். மதுரையில பாதிப் பேரு மாப்ளையா இருக்கான், மீதிப் பேரு பந்தியில இருக்கான்."

"நான் சுத்துறேன்ணே" என்றான் விருமாண்டி.

கருத்தக்கண்ணன் அவன் தோளை ஒரு தடவை பார்த்தார். "ஆமா, நீங்க ஒரு ஆளு நாலு ஆளுக்குச் சமம்" என்று சந்தோசமாகத் தலையாட்டிவிட்டு, எஞ்சின் தலையை மேசைமேல் தூக்கி வைத்தார். துளைக்குள் சுண்டு விரலை விட்டார். வெளியே எடுத்து மோந்து பார்த்தார். "வெள்ளைப் பெயிண்டு வாசம் வருது" என்றார். பிறகு நுனி வளைந்த கம்பி ஒன்றை எடுத்து உள்ளே விட்டு, மெதுவாகச் சுண்டி இழுத்தார்.

முதலில் காய்ந்த பெயிண்டுப் பொருக்கு வந்தது. அடுத்து ஒரு துணி நுனி. இழுக்க இழுக்கக் கோழிக்குடல் மாதிரி துணி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சுருள் சுருளாக ஒரு தகரத் துண்டு டங்கென்று மேசையில் விழுந்தது.

"பாத்தீகளா? மண்ணெண்ணெய் டின்னுத் தகரம்" என்றார் கருத்தக்கண்ணன். "இது நேத்துப் போன மரை இல்லப்பா. மழைக்காலத்துலயே போயிருக்கும். யாரோ ஓவரா இறுக்கி மரையத் தின்னுட்டு, தகரத்தச் சுத்தி, துணியத் திணிச்சு, பெயிண்ட அடிச்சு, போல்ட்ட ஒப்புக்குக் குத்தி வச்சிருக்காக. நீங்க தொடலைன்னாலும் தானா விழுந்திருக்கும்."

சோலையம்மாள் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தாள். பட்டறையில் இருந்த மண்ணெண்ணெயில் ஒரு முக்கு முக்கிக் கசக்கினாள். பெயிண்டு போனதும் அரக்கு நிறமும் வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தன. சுங்குடி. அவள் ஆத்தாவின் சுங்குடி. போன ஐப்பசியில் அந்தச் சேலையின் முந்தி ஒரு மூலையில் காணாமல் போய், வீடே ரெண்டுபட்டது. எலி கடிச்சிருச்சு என்று அய்யாதான் சொன்னார். எலி இம்புட்டு நேர்த்தியாக் கத்தரிக்குமா என்று ஆத்தா கேட்டதற்கு, பரவைச் சந்தையிலிருந்து ஒரு பூனையையே வாங்கி வந்து கொடுத்தார்.

ஈரல் துண்டு, விடியக் கருக்கல் ஆணி, ஊர் எல்லை வரைக்கும் வந்த நடை எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "எங்கய்யா!" என்று கத்தினாள். அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

விருமாண்டி அந்தத் துணியை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிவப்பு ஏறி இறங்கியது. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் தன் கையைத் தானே திட்டிக்கொண்டு கிடந்தவன் அவன். "மாமாவா?" என்றான். அவள் தலையாட்டினாள். "ஈரலெல்லாம் எடுத்து வச்சாரே" என்றான். சொல்லும்போதே அவனுக்கும் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"சரி, சிரிச்சது போதும். சக்கரத்துக்கிட்ட வாங்க" என்றார் கருத்தக்கண்ணன்.

அவர் செய்த வேலையைச் சோலையம்மாள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். கோணல் வந்துவிடக் கூடாது என்று மூலைமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு மரை வெட்டுகிற டேப்பை நிறுத்தி, முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று என்று கைக்குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டி ஆட்டி இறக்கினார். வார்ப்பிரும்பு மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்தது.

"இப்ப ஓட்டை பெருசாயிருச்சே, பழைய போல்ட்டு எப்படி நிக்கும்?" என்று கேட்டாள்.

"அப்படிக் கேளு தாயி! நடுவுல ஒரு பித்தளை புஷ் வரும். வெளிய ஒரு மரை, உள்ள ஒரு மரை. வெளி மரை இந்த ஓட்டைக்கு, உள் மரை உங்க போல்ட்டுக்கு. புது வீடு கட்டி, பழைய ஆளையே குடி வைக்கிறோம்."

பித்தளைக் கம்பி லேத்தில் ஏறியது. விருமாண்டி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். சக்கரம் பேய் வேகத்தில் பறந்தது. "அய்யா, சாமி! பஸ்ஸா ஓட்டுற? பைய, பைய!" என்று கருத்தக்கண்ணன் அலறினார். மெதுவாகச் சுற்றச் சொன்னால் ஒரேயடியாக நின்றுபோனது. இரண்டு தடவை இப்படி ஆனதும் சோலையம்மாள் எழுந்துபோய் எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஏ புள்ள, இது உனக்கு ஆகாது."

"எங்க வீட்டு ஆட்டுரல் இதவிடக் கனம்" என்றாள். "என் கையப் பாத்துச் சுத்துங்க, மச்சான்."

மச்சான் என்ற சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. அவன் அவள் கையைப் பார்த்துச் சுற்றினான். அவள் இழுக்க அவன் தள்ள, அவன் இழுக்க அவள் தள்ள, சக்கரம் ஒரே சீராக ஓடியது. தங்கச் சுருள் மாதிரி பித்தளை சுருண்டு சுருண்டு விழுந்தது. கருத்தக்கண்ணன் சந்தோசத்தில் நாட்டுப்புற மெட்டு ஒன்றை முனகத் தொடங்கிவிட்டார். "திருமங்கலம் போனவன் திரும்பி வராட்டிக்கூட எனக்குக் கவலை இல்ல. நீங்க ரெண்டு பேரும் இங்கனயே இருந்துருங்க" என்றார்.

புஷ் தயாரானது. அதைத் துளைக்குள் முடுக்கி, திரும்பக் கழலாமல் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அரத்தால் ராவி மட்டமாக்கினார். உள் மரையையும் ஒரு தடவை டேப்பு விட்டுச் சுத்தம் பண்ணினார். பிறகு பழைய போல்ட்டை எடுத்து விருமாண்டியிடம் நீட்டினார். "நீங்களே விடுங்க. ஸ்பானர் வேணாம். வெரலால விடுங்க."

விருமாண்டி தயங்கினான். பாம்புப் புற்றுக்குள் கை விடுகிற மாதிரி போல்ட்டை வைத்து, இரண்டு விரலால் திருப்பினான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. மரைக்கு மரை அடுத்து அடுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆட்டம் இல்லாமல், அடி வரைக்கும் போய்க் கல்லு மாதிரி நின்றது. அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாவிட்டால் பட்டறைக்காரர் முன்னால் மானம் போயிருக்கும்.

சாயங்காலம் மூட்டையைச் சிம்மக்கல்லில் அழகம்மா சின்னம்மா வீட்டில் இறக்கிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். கும்பிட்டுவிட்டு வரும்போது அவன் அவளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கினான். சித்திரை வீதி மூலையில் நின்று ஆளுக்கொரு குவளை பருத்திப்பால் குடித்தார்கள்.

"ஊருக்குப் போனதும் மொத வேலையா இந்தத் துணிய எல்லார் முன்னாலயும் விரிச்சுக் காட்டப்போறேன்" என்றாள் சோலையம்மாள். "சின்னச்சாமி மாமா மூஞ்சியப் பாக்கணும்."

"வேணாம் புள்ள."

"ஏன்? உங்களுக்கு என்ன பேரு வச்சிருக்காக தெரியுமா?"

"வச்சுட்டுப் போகட்டும்." குவளையின் அடியில் இருந்ததை அண்ணாந்து குடித்துவிட்டு அவன் சொன்னான்: "அந்த எஞ்சின மாமா எப்படிப் பாக்குறாருன்னு பாத்தேன்ல. அதுல தன் கையாலயே மரையப் போக்கிட்டோம்னு ஆனப்ப மனுசன் எம்புட்டுத் தவிச்சிருப்பாரு! யாருகிட்டயும் சொல்ல முடியாம, சேலையக் கத்தரிச்சு... எனக்கு என்ன, ரெண்டு நாள் கிண்டல். அவரு அந்த ஊர்லயே காலமெல்லாம் இருக்கணும்."

ஆள் எப்படி என்று பிடிபடாமல் இருந்ததெல்லாம் அந்தச் சித்திரை வீதி மூலையில் சோலையம்மாளுக்குப் பிடிபட்டுவிட்டது. வீடு வரைக்கும் கூட்டத்தைச் சாக்கு வைத்து அவனை ஒட்டியே நடந்தாள்.

மறுநாள் உச்சி வெயிலுக்கு முன்னால் வண்டி தோட்டத்துக்கு வந்துவிட்டது. செய்தி கேட்டு, தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சின்னச்சாமி முதல் ஆளாக நின்றார். இந்த முறை ஜாக்கிரதையாகப் பழைய வேட்டி. பேயாண்டி மட்டும் மகள் முகத்தையும் பார்க்கவில்லை, மருமகன் முகத்தையும் பார்க்கவில்லை. எஞ்சின் தலையை மட்டும் பார்த்தார். பித்தளை வளையம் பளபளவென்று மின்னுவதைக் கண்டதும் எச்சிலை விழுங்கினார்.

"பட்டறைக்காரன் என்ன சொன்னான், மாப்ள?" என்று மெல்லக் கேட்டார்.

"நல்ல எஞ்சின்னு சொன்னாரு, மாமா. வேற ஒண்ணும் சொல்லல."

தலையை ஏற்றி மாட்டினார்கள். முழங்கைக் குழாயை வைத்தார்கள். பேயாண்டி ஸ்பானரைக் கையில் எடுத்ததும் சின்னச்சாமி ஆரம்பித்துவிட்டார். "மாப்ள, நீங்க அந்த வேப்பமரத்தடிக்குப் போயிருங்க. உங்க நெழலு பட்டாக்கூட மரை கழண்டுரும். மச்சான், நம்ம செக்கானூரணிப் பக்கம் இனிமே பொண்ணு குடுக்குறப்ப, மாப்ள கையில வெலங்கு மாட்டித்தான் கூட்டியாரணும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விருமாண்டியும் சிரித்துக்கொண்டே, சொன்ன சொல் தட்டாமல் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான். சோலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள். மரத்தடியிலிருந்து அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் மூடிக்கொண்டாள்.

அதைப் பேயாண்டி பார்த்துவிட்டார். மகள் வாய் திறந்ததையும், மருமகன் தலை ஆடியதையும். இரண்டு பேருக்கும் தெரியும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தெரிந்தும் போய் உட்கார்ந்திருக்கிறான் என்பதும் விளங்கிவிட்டது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார்.

"ஏய் சின்னச்சாமி, மூடுடா வாய! மாப்ள ஒண்ணும் கழட்டல. நான்தான் கழட்டுனேன்."

"என்ன மச்சான் சொல்றீக?"

"ஐப்பசியில ஒழுகுச்சு. இறுக்குனேன். இன்னும் ஒழுகுச்சு. இன்னும் இறுக்குனேன். மரை போயிருச்சு. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு. தகரத்தையும் துணியையும் சுத்தி அடைச்சு வச்சேன். அது மாப்ள கையில விழுந்துச்சு. எம் புத்தி, வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன்." வேப்பமரத்தைப் பார்த்துக் கைகூப்பப் போனார். விருமாண்டி ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். "மாமா, மாமா! என்ன இது, விடுங்க" என்றான்.

ரெங்கம்மாள் மெதுவாக முன்னால் வந்தாள்.

"தகரம் சரி. துணின்னீகளே, என்ன துணி?"

பேயாண்டி வானத்தைப் பார்த்தார். சோலையம்மாள் மடியிலிருந்து அரக்குச் சுங்குடித் துண்டை எடுத்து ஆத்தாவிடம் கொடுத்தாள்.

"எலியா?" என்றாள் ரெங்கம்மாள். "எலி கடிச்சிருச்சுன்னீகளே! அந்தப் பூனைக்கு ஐப்பசியிலருந்து பாலு ஊத்திக்கிட்டு இருக்கேன். எலியும் இல்லாம, வேலையும் இல்லாம, அது குண்டாகிப்போய் அடுப்படியில கெடக்கு!" கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவள் ஒரு எட்டு வைத்தாள். பேயாண்டி மருமகன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "மாப்ள, காப்பாத்துங்க!" விருமாண்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். சிரிப்பில் அவனால் நிற்கவும் முடியவில்லை. சின்னச்சாமி தரையில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு ஒரு வேட்டி போச்சு, அக்காவுக்கு ஒரு சேலை போச்சு, துரைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல!"

சிரிப்பு அடங்கியதும் ரெங்கம்மாள் ஸ்பானரை மருமகனிடம் கொடுத்தாள். "நீங்களே முடுக்குங்க. இவர நம்பி எஞ்சினக் குடுக்க முடியாது."

விருமாண்டி விரலால் போல்ட்டை இறக்கி, ஸ்பானரால் ஒரே ஒரு அழுத்து அழுத்தி நிறுத்திக்கொண்டான். எஞ்சினைக் கிளப்பும் பெரிய சக்கரத்தை எப்போதும் பேயாண்டிதான் சுற்றுவார். இன்று விலகி நின்று, "சுத்துங்க, மாப்ள" என்றார். விருமாண்டி ஒரு மூச்சில் சுற்றிவிட்டான். துரை இருமினார், தும்மினார், டுக்கு டுக்கு என்று ஓடத் தொடங்கினார். எல்லாரும் முழங்கைக் குழாயையே பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. பேயாண்டி விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த விரலைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

தொட்டியில் தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் இறங்கி, வெடித்துக் கிடந்த மண் சத்தம் போட்டுக் குடிக்கக் குடிக்க முன்னால் போனது. சோலையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் கூடவே வரப்பில் ஓடினாள். பிச்சிப்பூ உதிர்ந்துகொண்டே வந்தது. கத்தரியைத் தாண்டி, மிளகாயைத் தாண்டி, வாழைக்கன்றுகளிடம் போனபோது விருமாண்டி மண்வெட்டியோடு அங்கே முந்தி வந்து நின்றிருந்தான்.

"எங்கிட்டு வெட்டட்டும்?" என்றான்.

"அந்தக் கடைசிப் பாத்தியிலருந்து வாங்க, மச்சான். அதுதான் ரொம்ப வாடிக் கெடக்கு" என்றாள் அவள். அவன் மடையை வெட்டினான். தண்ணீர் இரண்டு பேர் காலையும் நனைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது.